பிந்தி வந்த தொப்பி

கரவெட்டியிலிருந்து மாமா வந்து இறங்கி நாலாம் நாள். பிறம்ரனில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், மகள் போட்டிருந்த சட்டையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இருநூறு வருடத்துப் பழைய சண்டை ஒன்றுக்குள் நான் மாட்டிக்கொண்டேன்.

மகள் படிப்பது சென் கதரின்ஸில், புறொக் பல்கலைக்கழகத்தில். வார இறுதிக்கு ஊத்தை உடுப்புகளோடு வந்திருந்தாள். சட்டையின் நெஞ்சில் ஒரு மிருகத்தின் தலை. முகத்தின் நடுவால் வெள்ளைக் கோடு.

“உது என்ன பிள்ளை, மரநாயே?”

“இல்லைத் தாத்தா, பாட்ஜர். எங்கடை ரீமுக்குப் பேர் புறொக் பாட்ஜர்ஸ்.”

“பாட்ஜர் எண்டால்?”

மகள் என்னைப் பார்த்தாள். தமிழ் தேவைப்படும்போது மட்டும் அவளுக்கு என் ஞாபகம் வரும். எனக்கும் சொல் வரவில்லை. “கட்டைக் கால், தட்டையான உடம்பு, நீட்டு நகம். மண்ணைத் தோண்டி வளைக்குள்ளை படுத்திருக்கும் மாமா. இரவிலைதான் வெளியிலை வரும். பக்கத்திலை போனால் கடிக்கும்.”

மாமா கொஞ்சம் யோசித்தார். “உன்ரை பெரியப்பாவைப்போலை எண்டு சொல்லு.” பிறகு, “யூனிவேர்சிற்றிக்கு உதைத் தவிர வேறை மிருகம் கிடைக்கேல்லையோ?” என்றார். பிறகு தானே தலையாட்டி, “சிங்கமும் புலியும் வைச்சு நாங்கள் கண்டது போதும். உது பரவாயில்லை” என்று தேத்தண்ணீரை முடித்தார்.

விஷயம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் ‘புறொக்’ என்றாலே பாட்ஜர். ஆங்கிலேயருக்கு முன்பே பிரிட்டன் தீவில் இருந்த கெல்ற்றியரிடம் வாங்கிய சொல். 1964இல் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு ஐசக் புறொக் என்ற சண்டைத் தளபதியின் பெயரை வைத்தார்கள். விளையாட்டு அணிக்கு அந்தப் பெயரின் பொருளை எடுத்து வைத்தார்கள். நாகலிங்கம் ஞாபகமாக ஒரு பள்ளிக்கூடம் கட்டி, அதன் உதைபந்தாட்ட அணிக்கு ‘பாம்புகள்’ என்று பெயர் வைப்பதுபோல. மைதானத்தில் பூமர் என்ற பெயரில் ஒரு ஆள் பாட்ஜர் வேடம் போட்டுத் துள்ளுவார். மல்யுத்தத்தில் இந்த அணியை நாட்டில் யாரும் இலேசில் விழுத்த முடியாது. அதெல்லாம் சரி. ஆனால் அந்தப் பெயருக்குரிய மனிதரின் கதையைக் கேட்டால், பாட்ஜரைவிட எங்களூர்த் தபால்காரனைத்தான் அணிச்சின்னமாகப் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். அவருக்கு எல்லாமே பிந்தித்தான் வந்தது.

ஐசக் புறொக் பிறந்தது 1769 ஒக்ரோபர் 6, கேர்ன்சி என்ற தீவில். பிரான்சுக்குப் பக்கத்தில் கிடக்கும், நெடுந்தீவைவிடக் கொஞ்சம் பெரிய இடம். வீட்டில் எட்டாவது ஆண்பிள்ளை. எட்டாவது மகனுக்குக் காணியில் என்ன மிஞ்சும்? பதினைந்து வயதில் பட்டாளத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பட்டாளத்தில் பதவி என்பது காசு கொடுத்து வாங்கும் சாமான். அண்ணன் வில்லியம் கடன் கொடுத்தார், தம்பி ஒவ்வொரு படியாக வாங்கி ஏறினார்.

அதே 1769இல் பிறந்த இன்னும் இரண்டு பேர், நெப்போலியனும் வெலிங்டனும். வெலிங்டன் இந்தியாவுக்குப் போய், 1799இல் சிறீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை முடித்த படையில் இருந்து பேர் எடுத்தார். எங்கள் ஆளை 1802இல் கனடாவுக்கு அனுப்பினார்கள். ஐரோப்பாவில் உலகமே பற்றி எரிகிறது, இவர் இங்கே பனியில் காவலரண் எண்ணிக்கொண்டிருக்கிறார். மாற்றம் கேட்டு எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக அனுமதி வந்தபோது 1812 தொடக்கம். இங்கேயே சண்டை வரப்போகிற அறிகுறி தெரிந்தது. இனி ஏன் போவான் என்று இருந்துவிட்டார். முதலாவது பிந்திய கடிதம் இது. இதற்கிடையில் 1811இல் அண்ணன் வில்லியத்தின் வியாபாரம் முறிந்தது. திருப்பித் தரத் தேவையில்லை என்று அண்ணன் நினைத்துக் கொடுத்த காசு, கணக்குப் புத்தகத்தில் கடனாகவே கிடந்தது. ஏறத்தாழ 3,000 பவுண். ஆறடிக்கு மேல் உயரமான தளபதி, மேல் கனடாவின் நிர்வாகி, தலைக்கு மேல் கடன்.

ஆள் கோழை இல்லை. இளம் வயதில் ஒரு படையணியில் சேர்ந்தபோது, அங்கே இருந்த சண்டியன் ஒருவன் இவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தானாம். வழக்கமாகப் பன்னிரண்டு காலடித் தூரம் தள்ளி நின்று சுடுவார்கள். புறொக் பொக்கற்றுக்குள் இருந்து ஒரு கைலேஞ்சியை எடுத்து, இதன் ஒரு முனையில் நீ, மறுமுனையில் நான், சுடுவோம் வா என்றாராம். சண்டியன் படையணியை விட்டே போய்விட்டான். இதை எழுதி வைத்தவர் புறொக்கின் மருமகன். மருமக்கள் மாமாக்களைப் பற்றி எழுதுவதை எவ்வளவு நம்பலாம் என்பதை, இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் நான் சொல்லக்கூடாது.

இனிச் சண்டை. அமெரிக்காவுக்குப் பிரிட்டன்மேல் இரண்டு கோபம். ஒன்று, நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை மறித்து ஆட்களைப் பிடித்துத் தன் கடற்படையில் வேலைக்குப் போட்டது. மற்றது, பிரான்சோடு வியாபாரம் செய்யக்கூடாது என்று போட்ட கட்டளைகள். 1812 ஜூன் 18இல் அதிபர் மடிசன் போர்ப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டளைகளைக் கைவிடப் போகிறோம் என்று லண்டன் பாராளுமன்றத்தில் சொன்னது ஜூன் 16இல். இரண்டு நாள் முந்தி! கப்பல் அத்திலாந்திக்கைக் கடக்கக் கிழமைக்கணக்கு. இன்றைக்கென்றால் வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருப்பார்கள், மடிசனும் நீல ‘டிக்’ விழுந்ததைப் பார்த்துவிட்டுப் படுத்திருப்பார்.

கடிதக் கூத்து இதோடு நிற்கவில்லை. டிட்ரொயிற்றை நோக்கிப் படையோடு போய்க்கொண்டிருந்த அமெரிக்க ஜெனரல் வில்லியம் ஹல்லுக்குப் போர் தொடங்கிவிட்டது என்ற செய்தியை அவருடைய அரசாங்கம் அனுப்பியது எப்படித் தெரியுமா? சாதாரணத் தபாலில். அது வந்து சேருமுன் அவர் தன்னுடைய சாமான்களையும் பெட்டி நிறையப் படைக் காகிதங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி, பிரிட்டிஷ் கோட்டைக்கு முன்னால் அனுப்பி வைத்தார். கோட்டையில் இருந்தவர்களுக்குச் செய்தி ஏற்கெனவே தெரியும். கப்பலை மறித்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள், எத்தனை ஆட்கள், என்ன திட்டம் எல்லாம் ஹல்லின் கந்தோர்க் காகிதத்திலேயே இருந்தது. ஹல்லுக்குக் கடிதம் கிடைத்தது கப்பலை அனுப்பிய அடுத்த நாள்.

நயாகராவில் இன்னொரு கதை சொல்வார்கள். கோட்டை ஜோர்ஜில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த அமெரிக்க அதிகாரிகளுக்கு விருந்து வைத்துக்கொண்டிருந்த நேரம் போர்ச் செய்தி வந்ததாம். சாப்பாட்டைக் குழப்பவில்லை. பழத்தட்டுவரை சாப்பிட்டு, கைகுலுக்கி, விருந்தாளிகளைப் படகுவரை கொண்டுபோய் விட்டுவிட்டுப் பீரங்கிக்கு மருந்து போடப் போனார்களாம். கலியாண வீட்டில் பந்தி முடியுமட்டும் காணிச் சண்டையைத் தள்ளிவைக்கும் எங்கள் பண்பாடு நயாகராவிலும் இருந்திருக்கிறது.

கனடாவைப் பிடிப்பது வெறும் நடந்து போகிற வேலைதான் என்று முன்னாள் அதிபர் ஜெபர்சன் எழுதிவைத்தார். ஹல்லும் நடந்துதான் வந்தார், ஜூலையில் ஆற்றைக் கடந்து. பிறகு பயந்துபோய்த் திரும்பவும் டிட்ரொயிற் கோட்டைக்குள் நுழைந்துவிட்டார். பாட்ஜர் மோப்பம் பிடித்தது இங்கேதான். வழியில் பிடிபட்ட அமெரிக்கத் தபால் பைகளில் ஹல்லின் படையினரே தங்கள் ஜெனரலைத் திட்டி எழுதிய கடிதங்கள் இருந்தன. அடுத்தவன் கடிதத்தை வாசிப்பது பாவம் என்று யாரும் புறொக்குக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நல்லகாலம்.

அவரிடம் இருந்தது சம்பளப் பட்டாளம் ஏறத்தாழ முன்னூறு, ஊர்ப்படை நானூறு, ஷோனி இனத் தலைவர் டெக்கும்சேயோடு வந்த பூர்வகுடி வீரர்கள் அறுநூறு. கோட்டைக்குள் ஹல்லிடம் இதைவிட அதிகம். புறொக் என்ன செய்தார்? 41ஆம் படையணி கழித்துப் போட்ட பழைய சிவப்புச் சட்டைகளை எடுத்து ஊர்ப்படைக்காரருக்கு மாட்டிவிட்டார். தூரத்தில் இருந்து பார்த்தால் அத்தனை பேரும் ராசாவின் சொந்தப் பட்டாளம். இரவில் தேவைக்கு மேல் நெருப்பு மூட்டினார்கள். சாப்பாட்டு வரிசையில் அவரையை வாங்கி மறைவில் கொட்டிவிட்டு, திரும்ப வந்து வரிசையில் நின்று கோட்டைக்காரருக்குக் கணக்குக் காட்டினார்கள் என்பார்கள். டெக்கும்சேயின் ஆட்கள் காட்டு வெளியால் போய், சுற்றிவந்து, அதே வெளியால் மறுபடி போனார்கள் என்றும் கதை. வாத்தியார் எண்ண வரும்போது வகுப்பில் பிள்ளைகளைக் கூட்டிக் காட்டும் பள்ளிக்கூடங்கள் எங்களுக்குப் புதிதில்லை.

பிறகு ஒரு கடிதம். மிக மரியாதையான கடிதம். கொலைவெறிச் சண்டை எனக்கு விருப்பமில்லை, ஆனால் தொடங்கிவிட்டால் என்னோடு வந்திருக்கும் பூர்வகுடியினரை என்னால் கட்டுப்படுத்த முடியாது பாருங்கோ, என்ற பொருளில். ஹல்லின் மகளும் பேரப்பிள்ளைகளும் கோட்டைக்குள் இருந்தார்கள். 1812 ஆகஸ்ட் 16 அன்று வெள்ளைக்கொடி ஏறியது. வெளியே அலைந்த அணிகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,500 பேர் சரணடைந்தார்கள். பிறகு ஹல்லுக்கு இராணுவ நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது; பழைய சுதந்திரப் போர்ச் சேவைக்காக மடிசன் மன்னித்துவிட்டார்.

இந்த வெற்றிச் செய்தி லண்டன் போய்ச் சேர்ந்தது ஒக்ரோபர் 6இல். பீரங்கி வெடிச் சத்தம் கேட்டு, ஏன் சுடுகிறார்கள் என்று அண்ணன் வில்லியத்திடம் மனைவி கேட்டாராம். தெரியாதா, இன்றைக்கு ஐசக்கின் பிறந்தநாள் அல்லவா என்றாராம் அவர் பகிடியாக. கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வெடி உண்மையிலேயே ஐசக்குக்காகத்தான். நாலு நாளில் ‘சேர்’ பட்டம் அறிவித்தார்கள். பட்டம் கப்பல் ஏறியது. அது கனடா வந்து சேருமுன் பட்டத்துக்குரியவர் மண்ணுக்குள்.

ஒக்ரோபர் 13. அமெரிக்கர்கள் நயாகரா ஆற்றைக் கடந்து குவீன்ஸ்ரனில் இறங்க வேண்டும். அவர்களுடைய ஜெனரல் ஸ்ரீபன் வான் ரென்சலர் பெரிய காணிக்காரர், சண்டை அனுபவம் இல்லாதவர். இரண்டு நாள் முந்தியே கடக்கப் பார்த்தார்கள். சிம்ஸ் என்ற லெப்ரினன்ற் முதல் படகில் ஏறி, மற்றப் படகுகளுக்குரிய துடுப்புகளையும் போட்டுக்கொண்டு, இருட்டில் ஆற்றோடு போய்விட்டார். கரையில் படை நிற்கிறது, படகு நிற்கிறது, துடுப்பு இல்லை, கொட்டும் மழை. குமுதினிப் படகுக்குக் குறிகாட்டுவானில் காத்துநின்றவர்களுக்கு அந்த வேதனை விளங்கும். உலகத்துச் சண்டைகளின் வரலாற்றில் எனக்குப் பிடித்த வீரன் இந்த சிம்ஸ்தான். ஒரு குண்டு சுடாமல் ஒரு படையெடுப்பை இரண்டு நாள் நிறுத்திய மனிதன். எந்தக் கல்லூரியும் அவன் பெயரில் அணி வைக்கவில்லை.

பதின்மூன்றாம் திகதி விடியும்முன் துடுப்புகளோடு வந்தார்கள். கோட்டை ஜோர்ஜில் சத்தம் கேட்டு எழும்பிய புறொக், குதிரையில் ஏறிப் பறந்து வந்தார். அதற்குள் அமெரிக்கக் கப்டன் வூல் மீன்பிடிகாரரின் ஒற்றையடிப் பாதையால் மலை ஏறி, பீரங்கியைப் பிடித்துவிட்டார். தளபதி என்றால் பின்னால் நின்று யோசித்திருக்க வேண்டும். இவர் கைலேஞ்சிக்காரர் அல்லவா! கிடைத்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு முன்னுக்கு ஓடினார். ஆறடிக்கு மேல் ஒரு சிவப்புச் சட்டை, மேட்டை நோக்கி. சுட்டவனுக்குக் குறி பார்க்கவே தேவைப்பட்டிருக்காது. நெஞ்சில் ஓட்டை விழுந்த அந்தச் சட்டை இப்போது ஒட்டாவாவில், கனடியப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனித்தான் பல்கலைக்கழகத்தின் விருதுவாக்கு. விழும்போது அவர், யோர்க் தொண்டர்களே, முன்னேறுங்கள் என்று முழங்கியதாகப் பள்ளிக்கூடப் புத்தகம். யோர்க் என்றால் அன்றைய ரொறன்ரோ. நெஞ்சில் அப்படி ஒரு குண்டு பட்டவருக்குப் பேச நேரம் இருந்திருக்காது என்று பல வரலாற்றாசிரியர்கள் நினைக்கிறார்கள். ஆனால் செத்தவர் ஒன்றும் சொல்லாமல் செத்தால் சனம் விடுமா? எங்களூரிலும் மூச்சு நின்று அரைமணித்தியாலம் கழித்துத்தான் கடைசி வார்த்தைகள் வரத் தொடங்கும். பல்கலைக்கழகம் அந்த வார்த்தையை லத்தீனில் ‘சுர்கிற்றே’ என்று ஆக்கி இலச்சினையில் போட்டது. அவர் பெரும்பாலும் சொல்லாத ஆங்கிலத்தை, நிச்சயமாகச் சொல்லாத லத்தீனில்.

“தமிழிலை என்ன வரும்?” என்றார் மாமா.

“முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போங்கோ.”

“எட, பருத்தித்துறை மினிபஸ் கொண்டக்ரர் சொல்லுறதல்லோ உது!”

புறொக்குக்குப் பின் அவருடைய உதவியாளர் ஜோன் மக்டொனல் மறுபடி மலையேறி அவரும் சூடுபட்டு அடுத்த நாள் இறந்தார். அப்படியானால் சண்டையை வென்றது யார்? ஜோன் நோர்ட்டன், ஜோன் பிராண்ட் தலைமையில் வந்த சிறு எண்ணிக்கைப் பூர்வகுடி வீரர்கள் மலைக்குப் பின்னால் ஏறி, மணிக்கணக்காக அமெரிக்கர்களை அசையவிடாமல் பிடித்துவைத்தார்கள். அவர்கள் போட்ட கூச்சல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. அக்கரையில் நின்ற நியூயோர்க் ஊர்ப்படைக்காரருக்குத் திடீரென்று சட்ட அறிவு பிறந்தது. ஊர்ப்படையை நாட்டுக்கு வெளியே அனுப்ப அரசியலமைப்பில் இடமில்லை என்று சொல்லிக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். பின்னேரம் ஷீவ் என்ற ஜெனரல் ஆறுதலாகச் சுற்றுவழியால் வந்து, தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சிறைப்பிடித்தார். ஷீவ் உயிரோடு இருந்தபடியால் அவருக்குப் பல்கலைக்கழகம் இல்லை. அடுத்த ஏப்ரலில் அதே ஷீவ் ரொறன்ரோவை அமெரிக்கர்களிடம் விட்டுவிட்டுக் கிங்ஸ்ரனுக்கு நடையைக் கட்டினார் என்பது வேறு கதை.

செத்த பிறகுதான் புறொக் சரியான அலைச்சல்பட்டார். முதலில் கோட்டை ஜோர்ஜில் மக்டொனலோடு சேர்த்து அடக்கம். அக்கரையில் எதிரியும் மரியாதைக்குப் பீரங்கி முழக்கினான். 1824இல் மலையில் பெரிய தூண் ஒன்று கட்டி, தோண்டி எடுத்து அங்கே வைத்தார்கள். அந்தத் தூணின் அத்திவாரத்துக்குள் வில்லியம் லயன் மக்கென்சி தன்னுடைய பத்திரிகைப் பிரதியைப் போட்டுவிட்டார். ஆளுநர் மெய்ற்லண்டுக்கு அந்தப் பத்திரிகையைக் கண்ணில் காட்டக்கூடாது. கட்டியதைத் தோண்டி எடுக்கச் சொன்னார். அந்த மக்கென்சிதான் பிறகு ரொறன்ரோவின் முதல் மேயர், 1837 கிளர்ச்சியின் தலைவர். 1840இல் தூணுக்கே வெடி வைத்தார்கள். வைத்தது அந்தக் கிளர்ச்சிப் பக்கம் நின்ற பெஞ்சமின் லெற் என்பது ஊர்ப் பேச்சு. தூண் பிளந்தது. ஆளை மறுபடி எடுத்து, குவீன்ஸ்ரனில் ஒரு குடும்பத்தாரின் சேமக்காலையில் தற்காலிகமாக வைத்து, 1853இல் இப்போதுள்ள 56 மீற்றர்த் தூணின் அடியில் நாலாவது தடவை அடக்கினார்கள். மண்ணைத் தோண்டும் பிராணியின் பெயரை இவருடைய ஆட்களுக்கு வைத்தது பொருத்தமில்லை என்று யார் சொன்னது? என்ன, இவரை மற்றவர்கள் தோண்டினார்கள்.

ஒரு சனிக்கிழமை மாமாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு 410, 403, பிறகு குயீன் எலிசபெத் பெருந்தெரு வழியாகப் போனேன். வீட்டுக்கு யார் வந்தாலும் நயாகரா கொண்டுபோவது கனடாத் தமிழருக்கு விதி. நீர்வீழ்ச்சியில் பத்து நிமிடம் நின்று, கட்டிக்கொண்டுபோன புளிச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, குவீன்ஸ்ரன் மேட்டுக்கு வந்தோம். தூணுக்குள் 235 படி, வளைந்து வளைந்து. மாமா எண்ணிக்கொண்டு ஏறினார். நூற்றுப்பத்தில் நின்று, “உவரை ஏன் இவ்வளவு உயரத்திலை வைச்சவை?” என்றார்.

“இனியும் தோண்டாமல் இருக்க” என்றாள் மகள்.

கீழே ஊருக்குள் புறொக்கின் குதிரை அல்பிரட்டுக்கும் கண்ணாடிக் கூட்டுக்குள் சிலை இருக்கிறது. அன்று காலை அவர் ஏறி வந்தது அல்பிரட்தானா என்பதே சந்தேகம். குதிரைக்கே வீடு கிடைத்திருக்கிறது. டெக்கும்சே 1813இல் தேம்ஸ் ஆற்றுச் சண்டையில் இறந்தார், எங்கே புதைந்தார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. நோர்ட்டனுக்கும் பிராண்டுக்கும் அவர்களோடு நின்றவர்களுக்கும் இதே மேட்டில் ஒரு நினைவிடம் திறந்தது 2016இல். இருநூற்று நாலு வருடம். இந்த மலையில் வந்து சேர்ந்த தபால்களில் மிகப் பிந்தியது அதுதான். மாமா நோர்ட்டனின் வெண்கலச் சிலைக்கு முன்னால் கனநேரம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் நயாகரா-ஒன்-த-லேக் அருங்காட்சியகத்தில் புறொக்கின் தொப்பியைப் பார்த்தோம். இரண்டு பக்கமும் மடிந்த, இறகு வைத்த பெரிய தொப்பி. பெரிய தலைக்காரர், உட்சுற்றளவு 24 அங்குலம். இங்கிலாந்தில் சொல்லிச் செய்வித்தது. அது வந்து சேர்ந்தபோது தலை இல்லை. புதுத் தொப்பி, ஒருநாளும் போடாதது, ஆனால் பார்க்கப் பழசாய்த் தேய்ந்து கிடக்கிறது. காரணம், மறு அடக்கங்கள் நடந்தபோது அவரோடு நின்று சண்டை பிடித்த கிழவர்கள் ஒவ்வொருவராக எடுத்துத் தங்கள் தலையில் வைத்துப் பார்த்தார்களாம்.

காரில் ஏறும்போது மாமா, “தம்பி, பிள்ளை போட்டிருக்கிற மாதிரி எனக்கும் உந்த மரநாய்ச் சட்டை ஒண்டு எடுத்துத் தா. ஊரிலை மார்கழிப் பனிக்கு நல்லாயிருக்கும்” என்றார். அன்றிரவே இணையத்தில் சொல்லிவிட்டேன், இரண்டாம் நம்பர் பெரிய அளவு. ஒரு கிழமையில் வரும் என்றார்கள். பிறகு களஞ்சியத்தில் இல்லை என்றார்கள். பிறகு அனுப்பியாயிற்று என்றார்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினார். பொதி செவ்வாய்க்கிழமை வாசலில் கிடந்தது.

ஊருக்குப் போகிற ஆள் யாராவது அகப்பட்டால் கொடுத்துவிடலாம் என்று கூடத்துக் கொழுக்கியில் மாட்டி வைத்திருக்கிறேன். மனைவி ஒருநாள் குளிருக்குப் போட்டாள். மகன் பனி தள்ளப் போட்டான். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர்கூட ஒருதடவை போட்டுப் பார்த்துவிட்டார். எனக்குத் தோள் அளவாகத்தான் இருக்கிறது, கைதான் கொஞ்சம் நீளம்.